உயிரோடு ஒரு கண்ணீர் அஞ்சலி

எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிய அன்று நான் சமையலறையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வயது இருபத்துநாலு. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஜலதோஷம்கூடக் கிடையாது.

எண்பத்தேழாம் வருஷம், பங்குனி மாதம், அறுபத்துமூவர் உற்சவத்துக்கு முதல் நாள். மயிலாப்பூரின் நாலு மாட வீதிகளிலும், லஸ் முனையிலும், கச்சேரி ரோடு நெடுகிலும் விடிவதற்குள் என் முகத்தை ஒட்டிவிட்டார்கள். மேலே சொட்டுச் சொட்டாக நீர் வடிக்கும் இரண்டு பெரிய கண்கள். நடுவில் நான், தலை நிறைய மல்லிகையோடு சிரித்துக்கொண்டு. பின்னால் கண்ணைப் பறிக்கிற ரோஸ் கலர். கீழே கொட்டை எழுத்தில் என் பெயர், நீரஜா. செத்தவர்களுக்கு ஊரில் எப்படி ஒட்டுவார்களோ அப்படியே, ஒரு இம்மி பிசகாமல்.

வழக்கமாகப் பூ கொண்டுவரும் அம்மாள் அன்றைக்கு வாசலில் என்னைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு, "யம்மாடி! இன்னா பாப்பா, நீ இங்க நிக்கிற? செவுத்துல செத்துட்டேன்னு ஒட்டிக்கீது!" என்று அலறினாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வேறு யாரோ நீரஜா என்று நினைத்தேன்.

ஒட்டியவன் என் கூடப்பிறந்த அண்ணன் ராகவேந்திரன். இப்போது பெரிய ஓவியன், பத்திரிகைக்காரர்கள் அவனைப் பாப் ஆர்ட் பிதாமகர் என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மா போட்ட சாதத்தைத் தின்றுகொண்டிருந்தவன். தெருவில் கிடக்கிறதுதான் கலை, சுவரொட்டிதான் நம் ஜனங்களின் மியூசியம் என்றெல்லாம் பேசுவான். உயிரோடு இருக்கிற ஒரு சாதாரணப் பெண்ணுக்குச் சாவு போஸ்டர் ஒட்டினால் ஊர் என்ன செய்யும் என்று பார்க்கவேண்டுமாம். பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

போஸ்டரை அச்சடித்துக் கொடுத்தவர் திருவல்லிக்கேணி வலியுல்லா பாய். நல்ல மனுஷர். படத்தைக் கையில் வாங்கியதுமே, "இன்னா தம்பி, ஒன் தங்கச்சி போட்டோவாச்சே, பொண்ணு நல்லாத்தானே கீது? வாணாம் தம்பி, இதெல்லாம் வெளையாட்டு இல்லே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அண்ணன் அவருக்குக் கலையைப் பற்றி ஒரு மணிநேரம் பிரசங்கம் செய்திருக்கிறான். பாயே பின்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று இதைச் சொல்லி, "மன்னிச்சிக்கம்மா" என்று கேட்டுவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் போட்டோ என்ன போட்டோ தெரியுமா? பெண் பார்க்கிறவர்களுக்குக் கொடுப்பதற்காக ஸ்டூடியோவில் எடுத்தது. அதே படத்தின் ஒரு பிரதி நங்கநல்லூரில் சாய்நாத் என்கிற பாங்க் மாப்பிள்ளை வீட்டில் பூஜை அலமாரியில் இருந்தது. பார்த்து, பிடித்து, ஜாதகம் பொருந்தி, சித்திரையில் நிச்சயதார்த்தம் என்று பேசிவைத்திருந்தார்கள். சாய்நாத்தின் அம்மா, அந்த மாமி, அறுபத்துமூவர் பார்க்க வந்திருக்கிறாள். தெற்கு மாட வீதியில் நீர்மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் வரப்போகிற மருமகள் சுவரில் செத்துக்கிடக்கிறாள்.

மறுநாள் உறவுக்காரர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. "பொண்ணு நன்னாத்தான் இருக்காங்கறது எங்களுக்கும் தெரியறது. யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டின பொண்ணை எப்படி மணையில உக்கார வெக்கறது, நீங்களே சொல்லுங்கோ." அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த வரன்களும், "ஓ, அந்தப் போஸ்டர் பொண்ணா?" என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் காணாமல் போனார்கள். நாலைந்து வருஷத்தில் வருவதும் நின்றுபோனது.

அண்ணனுக்கோ ஜாதகம் திறந்துகொண்டது. அதே படத்தை ஒன்பது முகமாக, ஒன்பது கலரில் பெரிய கான்வாஸில் போட்டான். பம்பாயில் ஒருத்தர் வாங்கினார். வெளிநாட்டில் மாட்டினார்கள். சட்டையில், பையில், காபிக் கோப்பையில் எல்லாம் அச்சடித்தார்கள். தி.நகரில் ஒரு கடையில் குஷன் உறையில் என்னைப் பார்த்தேன். விற்பனைப் பெண், "இது ரொம்ப மூவிங் டிசைன் மேடம்" என்றாள். அடையாறில் ஒரு காபிக் கடையில் பெண்கள் கழிப்பறைக் கதவில் என் தலை ஒட்டியிருக்கிறது. அந்தக் கதவைத் தள்ளித் திறக்கிறவர்கள் எல்லோரும் என் மூக்கின்மேல்தான் கை வைக்கவேண்டும்.

நான் அதே அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகக் காலம் தள்ளினேன். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு வாலு கரும்பலகையில் நீர் வடிக்கும் இரண்டு கண்களை வரைந்து வைத்திருக்கும். அழித்துவிட்டு அல்ஜீப்ரா எழுதுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா. கடைசி எட்டு வருஷம் அவள் பக்கவாதத்தில் படுக்கை. அண்ணன் கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்துப் பெரிய வீடு கட்டிக்கொண்டு போயிருந்தான். தீபாவளிக்கு வந்து அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, அரைமணியில் கிளம்பிவிடுவான். பெட்பேன் எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இருந்தும் அவனோடு நான் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. ஏன் என்று என் தோழிகள் எல்லாம் கேட்டாயிற்று. நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அவனுக்கு இந்தச் சகுனம், சாஸ்திரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. இருபது வயதிலேயே பூணூலைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனவன். ராகுகாலத்தில் வண்டி வாங்கியவன். அவனைப் பொறுத்தவரை அது வெறும் காகிதம், அதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கிற சக்தி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியே இருக்காது. முட்டாள்தனமாகச் செய்தான், வேண்டுமென்று செய்யவில்லை. இந்த ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தைவெளியில் என் ஃப்ளாட்டுக்கு வந்தான். கூடவே ஷ்ரேயா என்று ஒரு பெண், அவன் கண்காட்சியை நடத்தித் தருகிறவள், முப்பது வயது இருக்கும். அண்ணன் மெலிந்திருந்தான். கதர் ஜிப்பா தொளதொளவென்று தொங்கியது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தான். என்னடா இது புதுசா என்று பார்த்தேன். "காமாக்ஷி கட்டினா," என்றான். காமாக்ஷி என் மன்னி.

"ஆன்ட்டி, உங்களை நேர்ல பாக்கறதே எனக்கு ஒரு மாதிரி கூஸ்பம்ப்ஸ்," என்றாள் ஷ்ரேயா. "நாங்க எல்லாம் உங்க முகத்தைப் பாத்துத்தான் ஆர்ட் படிக்கவே வந்தோம்."

"அப்படியா? நான் அதைப் பாத்துட்டு கல்யாணம் பண்ணிக்காமலே இருந்துட்டேன்," என்றேன். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். எழுபதாவது வயதுக்குப் பெரிய கண்காட்சி வைக்கிறார்கள். அதற்குப் புதிதாக ஒரு வரிசை செய்யவேண்டும். "அதே போஸ்டரை திரும்பப் பண்ணப் போறேன் நீரு. அதே கண்ணு, அதே ரோஸ், அதே எழுத்து. நடுவுல நீ, இப்ப இருக்கற நீ. நரைச்ச தலை, கண்ணாடி, எல்லாம் அப்படியே. மறுபடி மாட வீதி பூரா ஒட்டப்போறோம். அன்னிக்குச் செத்தவ இன்னும் சாகலை. இதைவிட என்னடி வேணும்?"

எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. "முடியாது," என்றேன்.

"ஒரே ஒரு போட்டோ ஆன்ட்டி," என்று ஷ்ரேயா போனைக் கையில் எடுத்தாள். "இது உங்க கதையும்தானே? நீங்களே உங்க இமேஜைத் திரும்ப எடுத்துக்கற மாதிரி."

"போனைக் கீழே வைம்மா. எடுத்துக்கிறதாம், கொடுக்கிறதாம். என் மூஞ்சி என்ன அரிசி மூட்டையா?" என்றேன். "இந்த ஃப்ளாட்டுல எனக்கு மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் இருக்கா. இப்பத்தான், இந்தப் பத்து வருஷமாத்தான், நான் போனா யாரும் திரும்பிப் பாக்கறதில்லை. காய்கறிக்காரன் என்னை டீச்சரம்மான்னு கூப்பிடறான். அவ்வளவுதான் நான் சம்பாதிச்சது. அதையும் புடுங்கிண்டு போக வந்துட்டியா?"

அண்ணன் பொறுமையாகச் சிரித்தான். பேட்டிகளில் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "இன்னுமா நீரு? அது காகிதம்டி. பேப்பர், மை, மைதா பசை. அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையோன்னோ? அப்ப உன் மூஞ்சியைப் போடு," என்றேன்.

சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் ஷ்ரேயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார்! வாவ். அது ரொம்ப பவர்ஃபுல் சார். ஆர்ட்டிஸ்ட் தனக்கே அஞ்சலி ஒட்டிக்கறார். நாப்பது வருஷம் கழிச்சு. சார், இதான் ஷோ!"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த டம்ளரை வைக்கத் தெரியாமல் வைத்தான், காபி மேஜையில் சிந்தியது. "அச்சான்யமாப் பேசாதே!" என்று கத்தினான். என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று தெரியவில்லை. "அடுத்த மாசம் எனக்கு பைபாஸ். டேட் குறிச்சாச்சு. இந்த நேரத்துல போய் என் போட்டோவை... வாயை அலம்பு முதல்ல!"

அச்சான்யம். அபசகுனத்துக்கு எங்கள் அத்தைப் பாட்டிகளின் வாயிலிருந்து மட்டுமே நான் கேட்டிருக்கிற வார்த்தை. பூணூலை ஜன்னலில் மாட்டியவன், ராகுகாலத்தில் வண்டி வாங்கியவன், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னான். வலது கை போய் அந்தச் சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷ்ரேயா வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்தாள்.

"அப்ப நீ நம்பறே," என்றேன்.

"வயசாயிடுத்துடி. பயம் வராதா? நீ ஆபரேஷன் டேபிள்ல படுத்துப் பாரு."

"இப்ப சரி. அப்ப? என்னை ஒட்டினப்ப? அப்பவும் நம்பினியா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"பதில் சொல்லு அண்ணா. ஊர்ல ஆயிரம் பேர் இருக்கச்சே என் போட்டோவை ஏன் எடுத்தே? உன் போட்டோ உன் கையிலேயே இருந்ததே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் விடவில்லை. கணக்கு டீச்சர், பதில் வரும்வரை நிற்கவைத்துப் பழக்கம். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். கடைசியில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜையைத் தட்டினான்.

"எல்லாப் பழியையும் என் தலையிலேயே போடாதே! நாப்பது வருஷமா நானும் வாயை மூடிண்டு வாங்கிண்டிருக்கேன். முதல்ல என் போட்டோதான்டி இருந்தது. என் போட்டோவை வெட்டி, ஒட்டி, பேரெழுதி, பாய் கிட்ட குடுக்க ரெடியா மேஜை மேல வெச்சிருந்தேன். அம்மா பாத்துட்டா."

"பாத்துட்டு?" என்றேன்.

"கால்ல விழாத குறை. தலையில அடிச்சிண்டு அழறா. ஆத்துக்கு ஒரே பிள்ளை, எனக்குக் கொள்ளி போடப்போறவன், உன் படத்தைப் போய்ச் செவுத்துல ஒட்டறதா, நான் விழுந்து செத்துப்போவேன்னா. முண்டகக்கண்ணி அம்மனுக்கு வேண்டிண்டா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அப்பறம் அவளேதான்..." நிறுத்தினான்.

"அவளேதான் என்ன?"

"அவளேதான் பீரோவைத் திறந்து உன் போட்டோவை எடுத்துக் குடுத்தா."

ஸ்டூடியோவில் இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று நங்கநல்லூருக்குப் போயிற்று. மற்றதை அண்ணன் பீரோவிலிருந்து திருடிக்கொண்டு போனான் என்றுதான் அம்மா என்னிடம் சொன்னாள். அந்த பீரோ சாவி எப்போதும் அம்மாவின் இடுப்பில் இருக்கும். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். வரன் தட்டிப்போனதும் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை என்ன, அண்ணனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தது என்ன. நடிப்பா அதெல்லாம்?

"குடுத்தப்ப என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் விடு நீரு."

"சொல்லு."

"என்ன சொன்னா... 'அவ நாளைக்கே இன்னோராத்துக்குப் போறவதானே. அவளோட போயிடும். நம்மாத்துல ஒட்டாது'ன்னா."

கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறாள் அம்மா. வருகிற கெடுதல் பெண்ணோடு நங்கநல்லூருக்குப் போய்விடும், சாய்நாத் வீட்டுக் கூடத்தில் இறங்கிக்கொள்ளும், மயிலாப்பூரில் பிள்ளை சௌக்கியமாக இருப்பான். ஒரே ஒரு இடத்தில் தப்பிவிட்டது. அந்தப் போஸ்டர் ஒட்டினால் பெண் எந்த ஆத்துக்கும் போகமாட்டாள், இங்கேயே கிடப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கிடந்தேன். அவள் மலஜலத்தை அள்ளிக்கொண்டு கிடந்தேன்.

ஷ்ரேயாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. சும்மா உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தி அழுவதற்கு நான் மறுபடி ஒரு படமா?

"சரி அண்ணா. உன் ஷோ நிக்கவேண்டாம்," என்றேன். "நான் ஒரு போட்டோ தரேன், போட்டுக்கோ. அம்மா போட்டோ. அவ நெஜமாவே செத்துப்போனவ. பொய்யும் இல்லை, அச்சான்யமும் இல்லை. மாட வீதி பூரா ஒட்டு."

"அம்மாவையா?" அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "உனக்கு என்ன பைத்தியமா? பெத்தவளைக் கொண்டுபோய்த் தெருவுல ஒட்டச் சொல்றியா? நாய் ஒண்ணுக்குப் போற செவுத்துலயா?"

யோசித்துச் சொல்லவில்லை. துடித்துப்போய்ச் சொன்னான். நிஜமான வலி அது. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது என்று நினைக்கிறேன்.

"அப்போ நாய் ஒண்ணுக்குப் போற செவுத்துல ஒட்டறதுக்கு இந்தக் குடும்பத்துல நான் ஒருத்திதான் இருந்தேன், இல்லையா?" என்றேன்.

"நீரு..."

"எழுந்தாச்சோன்னோ? அப்படியே போ. ஆபரேஷன் நன்னா நடக்கட்டும். இனிமே இந்தப் பக்கம் வராதே."

ஷ்ரேயா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறக்கிக் கூட்டிப்போனாள். நான் மேஜையில் சிந்தியிருந்த காபியைத் துடைத்தேன். இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தாள். சார் புது வரிசையைக் கைவிட்டுவிட்டார், பழைய படங்களை மட்டும் வைக்கிறோம், உங்கள் போட்டோ எதுவும் வராது, நான் பொறுப்பு என்றாள். சந்தோஷம் என்று வைத்துவிட்டேன். ஜெயித்தாற்போலத்தான் இருந்திருக்கவேண்டும். இல்லை.

அண்ணனை மறந்துவிடலாம். அவன் கோழை, அவ்வளவுதான், உலகத்தில் கோழைகளுக்கா பஞ்சம். எனக்குத் தூக்கம் போனது அம்மாவால். கடைசி வருஷங்களில் பக்கவாதம் அவள் வாயைக் கோணலாக்கியிருந்தது, பேச்சு பாதிதான் வரும். ஸ்டூலில் உட்காரவைத்துக் குளிப்பாட்டும்போது என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். "நீ... நீ..." என்று எதையோ ஆரம்பித்து, முடியாமல், குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுவாள். பெண் தனக்குச் செய்கிறாளே என்று உருகுகிறாள், நன்றி சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தண்ணீர் ஆறிவிடுமே என்ற அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

"தெரியும்மா, எல்லாம் தெரியும், நீ பேசாம இரு" என்று சொல்லிச் சொல்லி அவள் தலையைத் துவட்டிவிட்டேன்.